பத்தொன்பதாவது இலத்திரன்

2006ஆம் ஆண்டு. எங்கள் பாடசாலை அப்போது அதன் பழைய இடத்தில் இல்லை. கடலை நோக்கி நின்ற கட்டடங்களை 2004 டிசம்பர் 26இல் கடலே கொண்டுபோய்விட்டது. ஊருக்கு மேற்கே, வயலை அண்டிய வெறுங்காணியொன்றில் தகரக் கொட்டில்கள் அடித்துத் தந்திருந்தார்கள். இடுப்பளவுக்குப் பலகை, மேலே தகரம். பதினொரு மணிக்குப் பிறகு பிள்ளைகள் கொப்பியால் விசிறிக்கொண்டுதான் இருப்பார்கள். மழை பெய்தால் நான் கத்துவது முன்வாங்குக்கும் கேளாது. அந்தக் கொட்டில்களில் ஒன்றில்தான் தரம் 10 பிள்ளைகளுக்கு இலத்திரன் நிலையமைப்பைப் படிப்பித்தேன்.

என்னைப் பற்றி முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் உயர்தரத்தில் இரசாயனம் படித்தவனல்லன். கலைப்பிரிவில் சோதனை எடுத்தவன். எங்கள் ஊரில் விஞ்ஞானம் படிப்பிக்க ஆளில்லாமல் இருந்தது. தொண்டர் ஆசிரியனாக உள்ளே போன என்னிடம் விஞ்ஞானப் பாடநூலைத் தந்து "சமாளியுங்கள்" என்றார்கள். சமாளித்தேன். பிறகு நியமனம் கிடைத்து, ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் விஞ்ஞான நெறி பயின்று, 2004 முடிவில் வெளியே வந்தேன். வந்த கையோடு கடல் வந்தது.

கலாசாலையில் ஒரு விரிவுரையாளர் இருந்தார். நல்ல மனிதர். அணுவைப் படிப்பிக்கும் முறை பற்றிச் சொல்லும்போது, "நடுவில் ஒரு புள்ளி போடுங்கள், சுற்றிவர வட்டம் கீறுங்கள், வட்டத்தில் புள்ளடி போடுங்கள். கிராமத்துப் பிள்ளைக்கு அது போதும்" என்பார். அந்தப் 'போதும்' என்ற சொல்லை நானும் பெற்றுக்கொண்டு வந்தேன். எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான் என்பதால் அது வசதியாகவும் இருந்தது.

ஆனால் எனக்கென்று ஓர் உவமை வைத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. இலத்திரன்கள் சக்தி மட்டங்களில் நிரம்புவதைப் பள்ளியில் ஸப்பு நிரம்புவதோடு ஒப்பிட்டுச் சொல்வேன். முன் ஸப்பு நிரம்பாமல் பின் ஸப்பில் யாரும் நிற்பதில்லை. முதலாம் ஸப்பில் இரண்டு பேருக்கு இடம். இரண்டாம் ஸப்பில் எட்டுப் பேர். மூன்றாம் ஸப்பில் பதினெட்டு. மட்டத்தின் இலக்கத்தை வர்க்கித்து இரண்டால் பெருக்கினால் அந்த மட்டத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்று வரும். ஐதரசன் ஒன்று, ஈலியம் இரண்டு, இலிதியம் 2,1, காபன் 2,4, சோடியம் 2,8,1 என்று பிள்ளைகள் மளமளவென்று எழுதிவிடுவார்கள். ஆசிரிய ஆலோசகர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, நல்ல உத்தி என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதியும் வைத்தார்.

அன்று பதினெட்டாவது மூலகமான ஆகனுக்கு 2,8,8 என்று எழுதினேன். அடுத்தது பொற்றாசியம். 2,8,8,1 என்று எழுதினேன். கல்சியம் 2,8,8,2. அதோடு பாடம் முடிந்தது. சாதாரண தரப் பாடத்திட்டம் இருபதாவது மூலகத்தோடு நின்றுவிடும்.

பெண்பிள்ளைகளின் பக்கத்தில் மூன்றாவது வாங்கிலிருந்து ஒருத்தி எழுந்தாள். பெயரை எழுதமாட்டேன். கடலில் வீட்டை இழந்து, முகாமில் ஒரு கொட்டிலில் இருந்து வந்துகொண்டிருந்த பிள்ளை. அதிகம் பேசமாட்டாள்.

"சேர், மூணாம் ஸப்புல பதினெட்டுப் பேருக்கு இடம் எண்டு சொன்னீங்க. எட்டுப் பேர்தான் நிக்கிறாங்க. இன்னம் பத்து இடம் கிடக்கு. பொற்றாசியத்திர கடைசி ஆள் என்னத்துக்கு நாலாம் ஸப்புக்குப் போறாரு?"

நான் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சொல்வது சரி. என் கையெழுத்தாலேயே 18 என்று எழுதியிருந்தேன். அதற்குக் கீழே 8. எத்தனையோ முறை இதைப் படிப்பித்திருக்கிறேன், எனக்கு அது ஒருநாளும் படவில்லை. வகுப்பு அமைதியாக இருந்தது. பின்வாங்குப் பொடியன் ஒருவன், "அவரு பிந்தி வந்தவராக்கும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு என்னை நோக்கித் திரும்பிவிடுமோ என்ற பயம் எனக்கு வந்துவிட்டது. பயம் வந்தால் வாத்தியாருக்குக் கோபம் வரும். "சோதனையில அப்பிடித்தான் எழுதணும். 2,8,8,1. அதுக்கு மேல உனக்கென்ன தேவை? ஸப்புல நிக்கப் போறது நீயா? இரி" என்றேன்.

அவள் இருந்தாள்.

அத்தோடு அது முடிந்துவிட்டதாகவே நினைத்தேன். பொடியன்கள் மறுபடி சிரித்தார்கள். இந்த முறை அவளைப் பார்த்து. பெருநாள் தொழுகையிலும் தறாவீஹிலும் பெண்கள் கூடும் வீட்டில் மட்டுமே ஸப்பைக் கண்டிருக்கக்கூடிய ஒரு பிள்ளையிடம், பள்ளியை உவமையாகத் தந்துவிட்டு, அவள் அதைச் சரியாக விளங்கிக்கொண்டு கேட்டபோது, உனக்கு அங்கே இடமில்லை என்று சொல்லிவிட்டேன். அதை நான் விளங்கிக்கொள்ள நெடுங்காலம் சென்றது.

2007 டிசம்பரில் அவள் சாதாரண தரம் எழுதினாள். விஞ்ஞானத்தில் 'பி' சித்தி. எங்கள் பாடசாலையில் அது அப்போது பெரிய பெறுபேறு. உயர்தர விஞ்ஞானப் பிரிவு டவுனில்தான் இருந்தது. பஸ்ஸில் போய்வர வேண்டும். நாட்டு நிலைமையும் சரியில்லை. வீட்டில் அனுப்பவில்லை. 2008இல் கலியாணம் முடிந்தது. சாப்பாட்டுக்குச் சொன்னார்கள். நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

*

2021. கொரோனா காலம். பாடசாலைகள் மூடப்பட்டிருந்தன. உயர்தர விஞ்ஞானப் பிரிவில் சேர்ந்திருந்த என் மகள், என்னுடைய போனை வைத்துக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை சூமில் படித்தாள். ஒருநாள் இரசாயன வகுப்பு. நான் பக்கத்தில் சாய்கதிரையில் இருந்தேன். அவளுடைய கொப்பியில் ஒரு வரி கண்ணில் பட்டது. 1s, 2s, 2p, 3s, 3p, 4s, 3d.

மூன்றுக்குப் பிறகு நான்கு. நான்குக்குப் பிறகு மறுபடி மூன்று.

பதினைந்து வருடத்துக்கு முந்திய அந்தத் தகரக் கொட்டிலின் வெக்கை அப்படியே முகத்தில் அடித்தது. "இது என்னம்மா, மூண்டு பிந்தி வருது?" என்று கேட்டேன். அவள் தலையை நிமிர்த்தாமலே, "அது அப்பிடித்தான் வாப்பா. ரெண்டு இலக்கத்தையும் கூட்டிப் பாக்கணும். 4s எண்டா நாலும் பூச்சியமும் நாலு. 3d எண்டா மூணும் ரெண்டும் அஞ்சு. குறைஞ்சது முதல்ல நிரம்பும்" என்றாள். "ஏன் அப்பிடி?" என்றேன். "சோதனைக்கு அது வராது வாப்பா" என்றாள்.

என் சொல் என்னிடமே திரும்பி வந்தது. அவளை நான் ஏசவில்லை. அன்று இரவே அவளுடைய புத்தகங்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்பத்து மூன்று வயதில், கலைப்பிரிவுக்காரன், உயர்தர இரசாயனம் படிக்கத் தொடங்கினேன். ஊரடங்கு எனக்குச் செய்த உபகாரம் அது.

விளங்கியதை என் மொழியில் சொல்கிறேன்.

மூன்றாம் சக்தி மட்டத்தில் பதினெட்டு இடம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பதினெட்டும் ஒரே மாதிரியான இடங்களல்ல. ஒவ்வொரு மட்டமும் உப மட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது. s என்பதில் இரண்டு பேர், p என்பதில் ஆறு பேர், d என்பதில் பத்துப் பேர், f என்பதில் பதினான்கு பேர். முதலாம் மட்டத்தில் s மட்டும். அதனால் இரண்டு. இரண்டாம் மட்டத்தில் s உம் p உம். இரண்டும் ஆறும் எட்டு. மூன்றாம் மட்டத்தில் s, p, d. இரண்டும் ஆறும் பத்தும் பதினெட்டு. ஆகன் வரும்போது மூன்றாம் மட்டத்தின் s உம் p உம் நிரம்பிவிட்டன. மிஞ்சிக் கிடந்த பத்து இடம் என்று அவள் சுட்டிக் காட்டினாளே, அது d உப மட்டம். அவள் எண்ணிய எண்ணிக்கை அச்சொட்டாகச் சரி.

இனி, அந்தப் பத்து இடத்தையும் விட்டுவிட்டுப் பத்தொன்பதாவது இலத்திரன் ஏன் நான்காம் மட்டத்துக்குப் போகிறது? இலத்திரனுக்கு முன், பின் என்ற கணக்கில்லை. எங்கே நின்றால் சக்தி குறைவோ அங்கேதான் நிற்கும். கருவின் இழுவை எங்கே நன்றாகப் பற்றுகிறதோ அங்கே சக்தி குறைவு. பொற்றாசியத்தின் கருவில் பத்தொன்பது புரோத்தன்கள். ஆனால் வெளியே நிற்கும் இலத்திரனுக்கும் கருவுக்கும் இடையில் பதினெட்டு இலத்திரன்கள் திரைபோல நிற்கின்றன. 3d இல் நிற்கும் இலத்திரன் அந்தத் திரையைத் தாண்டி உள்ளே வருவது அரிது. அதற்குக் கருவின் பத்தொன்பது ஏற்றத்தில் ஏறத்தாழ ஒன்றுதான் தெரிகிறது. 4s இன் இயல்பு வேறு. அது பெரும்பாலும் தூரத்தில்தான் இருக்கிறது, ஆனால் அதன் ஒரு சிறு பங்கு திரையை ஊடுருவிக் கருவின் அருகுவரை வந்துபோகிறது. அந்தச் சிறு நெருக்கத்தால் கருவின் இழுவை அதைக் கூடுதலாகப் பற்றிக்கொள்கிறது. ஆகவே பொற்றாசியத்தில் 4s இன் சக்தி 3d ஐ விடக் குறைவு. பத்தொன்பதாமவர் அங்கே போய் நிற்கிறார். இருபதாமவரும் அங்கேயே.

இருபத்தோராவது மூலகம் இஸ்கண்டியம். அதன் அமைப்பு 2,8,9,2. நான்காம் மட்டத்தில் இரண்டு பேர் நின்றுவிட்ட பிறகு, காலியாகக் கிடந்த மூன்றாம் மட்டத்துக்கு ஆள் போகிறது. பாடத்திட்டம் ஏன் இருபதோடு நிற்கிறது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. இன்னொரு மூலகம் எழுதினால் எல்லாப் பிள்ளைகளும் கேள்வி கேட்பார்கள். அவள் அந்த வாசலுக்கு இரண்டு மூலகம் முன்பாகவே நின்று கேட்டிருக்கிறாள்.

இதில் இன்னும் சில்லறைப் பிடிவாதங்கள் உண்டு. இருபத்து நான்காவதான குரோமியமும் இருபத்தொன்பதாவதான செம்பும், மகள் சொன்ன கூட்டல் கணக்குக்கும் அடங்குவதில்லை. இரண்டிலும் 4s இல் ஒரே ஓர் இலத்திரன்தான் நிற்கிறது. இஸ்கண்டியத்திலிருந்து ஓர் இலத்திரனைப் பிடுங்கினால், பிந்தி வந்த 3d இலத்திரன் போவதில்லை, முந்தி வந்த 4s இலத்திரன்தான் போகிறது. கூட்டல் கணக்கு ஒரு சட்டம் மட்டும்தான். காரணம் வேறு.

*

படிக்கப் படிக்க, இந்தப் பத்தொன்பது என்ற இலக்கத்துக்கே ஒரு கதை இருப்பது தெரியவந்தது.

1869இல் மெந்தலீவ் மூலகங்களை அடுக்கியபோது அணுத்திணிவை வைத்தே அடுக்கினார். 1894இல் ஆகன் கண்டுபிடிக்கப்பட்டதும் சிக்கல் வந்தது. ஆகனின் சார் அணுத்திணிவு 39.95. பொற்றாசியத்தினது 39.10. திணிவுப்படி அடுக்கினால் பொற்றாசியம் முந்த வேண்டும். குணத்தைப் பார்த்தால் ஆகன் முந்த வேண்டும். யாருடைய இடம் எது என்று தீர்க்க ஒரு நியாயம் தேவைப்பட்டது.

அதைத் தந்தவர் ஹென்றி மோஸ்லி என்ற இளைஞர். மன்செஸ்டரில் இரதபோர்ட்டின் ஆய்வுகூடத்தில் இருந்தவர். 1913இலும் 1914இலும் அவர் மூலகங்கள் வெளிவிடும் எக்ஸ் கதிர்களை அளந்து, கருவின் ஏற்றம் மூலகத்துக்கு மூலகம் ஒன்று ஒன்றாகக் கூடிச் செல்வதைக் காட்டினார். மூலகத்தின் இடத்தைத் தீர்மானிப்பது திணிவல்ல, கருவின் ஏற்றம். அதுவே அணுவெண். ஆகன் 18, பொற்றாசியம் 19. வழக்கு முடிந்தது. அட்டவணையில் 43, 61, 75 ஆகிய இடங்கள் காலியாக இருக்கின்றன என்றும் அவரால் சொல்ல முடிந்தது. அந்த இடங்களுக்கு உரியவை பின்னர் வந்துசேர்ந்தன.

உலக யுத்தம் மூண்டதும் மோஸ்லி படையில் சேர்ந்தார். இரதபோர்ட் அவரை ஆய்வு வேலைக்கு மீட்க முயன்றும் பலிக்கவில்லை. 1915 ஆகஸ்ட் 10இல் கலிப்பொலியில் துருக்கிப் படையின் குண்டு தலையில் பட்டு இறந்தார். வயது இருபத்தேழு.

இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. துருக்கித் தொப்பியைக் கழற்றமாட்டோம் என்று 1905இல் கொழும்பு உயர்நீதிமன்றத்தோடு மல்லுக்கட்டிய சமூகம் நாங்கள். கலிப்பொலி என்றால் கலீபாவின் படை வென்ற இடம் என்றுதான் எங்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தன் மண்ணைக் காக்க நின்ற அந்தச் சிப்பாயை நான் குறை சொல்லவில்லை. தான் சுட்ட தலைக்குள் என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரிய நியாயமில்லை. முப்பது வருட யுத்தத்தில் எங்கள் பக்கத்திலும் பள்ளியில், வயலில், பஸ்ஸில் வைத்து எத்தனை தலைகள் சுடப்பட்டன. அவற்றுள் என்னென்ன இருந்தன என்பதும் இனித் தெரியவராது. ஆனால் நான் துவக்குத் தூக்காதவன். 'இரி' என்று ஒரு சொல்தான் சொன்னேன். அதையும் நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

மோஸ்லியின் குருவான இரதபோர்ட்டிடம் 1909இல் ஏனெஸ்ட் மாஸ்டன் என்றொரு மாணவர் இருந்தார். பட்டப்படிப்பையே முடிக்காத இருபது வயதுப் பொடியன். மெல்லிய பொன் தகட்டின்மீது அல்பாத் துணிக்கைகளை ஏவி, ஏதாவது பின்னோக்கித் தெறிக்கிறதா என்று பார்க்கும்படி இரதபோர்ட் அவரிடம் ஒப்படைத்தார். தெறிக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கைகருடன் சேர்ந்து அவர் இருட்டறையில் இருந்து எண்ணினார். ஆயிரக்கணக்கானவற்றுள் ஒன்று திரும்பி வந்தது. அதிலிருந்துதான் 1911இல் அணுக்கரு என்ற விடயமே தெரியவந்தது. அணுவின் திணிவு முழுவதும் நடுவில் ஒரு பொட்டில். கரு ஒரு கடுகளவு என்றால் அணு எங்கள் விளையாட்டு மைதானமளவு. மிகுதியெல்லாம் இலத்திரன்களின் வெளி. ஒரு மாணவனை எதிர்பாராததைத் தேட விட்டதால் கிடைத்த செல்வம் அது. நான் என்ன செய்தேன் என்பதை மறுபடி எழுதத் தேவையில்லை.

இவற்றையெல்லாம்விட என்னை உட்காரவைத்தது நீல்ஸ் போரின் கதை. எங்கள் கரும்பலகை வட்டங்களுக்குச் சொந்தக்காரர் அவர். 1913இல் அந்த மாதிரியுருவைத் தந்தார். 1922 டிசம்பரில் ஸ்ரொக்ஹோமில் நொபெல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில், மூலகங்களில் இலத்திரன்கள் ஒவ்வொன்றாக எப்படிக் குடியேறுகின்றன என்று விளக்குகிறார். பொற்றாசியத்தின் பத்தொன்பதாவது இலத்திரன் மூன்றில் நில்லாமல் நான்காவதில் ஏன் பிணைகிறது என்பதும் அந்த உரையில் வருகிறது. அந்தப் பாதை உள்ளே ஊடுருவிக் கருவை நெருங்குவதால் என்பதுதான் அவர் கண்ட காரணம். அதாவது, எங்கள் தகரக் கொட்டிலில் மூன்றாவது வாங்கிலிருந்து எழுந்த கேள்வி, நொபெல் மேடையில் வைத்துப் பதில் சொல்லப்பட்ட கேள்வி.

*

வட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இலத்திரன் கருவைச் சுற்றுவது ஹாஜிகள் கஃபாவைத் தவாப் செய்வதைப் போன்றது என்று பயான்களில் கேட்டிருப்பீர்கள். நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கேட்க இனிமையான ஒப்புவமைதான். ஆனால் அப்படிச் சுற்றுமானால், ஏற்றமுள்ள துணிக்கை ஒளியாகச் சக்தியை இழந்து கண் மூடித் திறக்குமுன் கருவில் விழுந்துவிட வேண்டும். அணுவும் இராது, நாமும் இரோம். 1926க்குள் அந்தச் சித்திரம் மாறிவிட்டது. இலத்திரன் ஒரு பாதையில் ஓடுவதில்லை. இன்ன இடத்தில் இருப்பதற்கு இவ்வளவு நிகழ்தகவு என்று சொல்லும் ஒரு முகிலைத்தான் கணக்குத் தருகிறது. ஐதரசனின் இலத்திரனுக்குத் தாழ்ந்த நிலையில் சுற்றும் உந்தம் பூச்சியம். அது சுற்றவேயில்லை. இதை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி வாசலில் வைத்து ஒரு மௌலவியிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "அப்ப என்னத்தைத்தான் செய்யுது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. நாங்கள் கண்ணால் கண்ட எதையும் அது செய்வதில்லை என்றேன். "சுப்ஹானல்லாஹ்" என்றார். சுற்றுகிறது என்று சொன்னபோது வந்ததைவிட அழுத்தமாக வந்தது அந்த வார்த்தை. படைப்பைப் புகழ நமது பிழையான படம் தேவையில்லை என்று அன்று பட்டது.

இப்போதும் நான் வட்டம்தான் கீறுகிறேன். பத்தாம் தரத்துக்கு வேறு வழியில்லை. ஆனால் கீறிவிட்டு, இது படம் மட்டும்தான், அணு இப்படி இல்லை என்று சொல்கிறேன். பொற்றாசியம் வந்ததும் நானாகவே நிறுத்தி, மூன்றாம் மட்டத்தில் பத்து இடம் காலியாக இருக்கிறதே, கவனித்தீர்களா என்று கேட்கிறேன். யாராவது ஒரு பிள்ளையின் கண் விரியும். அந்த ஓர் இலத்திரன் நான்காவதில் தனியாக நிற்பதால்தான் பொற்றாசியம் சோடியத்தின் குணத்தோடு இருக்கிறது, தண்ணீரில் போட்டால் ஊதாச் சுவாலையோடு எரிகிறது, அதை இலகுவில் இழந்துவிடுவதால்தான் தனி உலோகமாக மண்ணில் ஒருபோதும் கிடைப்பதில்லை என்று சொல்கிறேன். உங்கள் வாப்பா வயலுக்குப் போடும் பொற்றாஷ் உரத்திலும், குடிக்கும் இளநீரிலும், உங்கள் நரம்பிலும் இருப்பது அந்தப் பத்தொன்பதாவதை இழந்த பொற்றாசியம்தான் என்கிறேன். தெரியாததைக் கேட்டால், தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்கிறேன். இந்தச் சொல் வாயில் வருவதற்கு எனக்கு இருபது வருடம் சென்றிருக்கிறது.

*

2024இல் தரம் 10 பெற்றோர் கூட்டம். கடல் கொண்டுபோனதற்குப் பதிலாகக் கட்டிய மாடிக் கட்டடத்தில். கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஒரு பெண் மகனோடு வந்து நின்றாள். கறுப்பு அபாயா. முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். புருசன் கட்டாரில். மகன் என் வகுப்பில்தான் இருக்கிறான். எனக்குத் தெரியாமல் போயிற்று.

மகனின் புள்ளிகளைப் பற்றிப் பேசினோம். பிறகு நான் அவனை வெளியே அனுப்பிவிட்டு, "மகள், ஒரு நாள் தகரக் கொட்டில்ல நீங்க என்னட்ட ஒரு கேள்வி கேட்டீங்க. ஞாபகமிருக்கா?" என்றேன்.

சற்று யோசித்தாள். "கேள்வி ஞாபகமில்ல சேர். நீங்க ஏசினது ஞாபகமிருக்கு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "அதுக்குப் பிறகு வகுப்புல நான் எழும்பல்ல."

மேசையில் கிடந்த கடதாசியொன்றைப் புரட்டி, பின்பக்கத்தில் 2, 8, 8, 1 என்று எழுதினேன். மூன்றாவதின் பத்து இடங்களையும் பத்துச் சிறு பெட்டிகளாகக் கீறினேன். அவள் கேட்டதைச் சொன்னேன். பிறகு பதிலைச் சொன்னேன். உவமை வேண்டுமென்றால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்: மூன்றாம் ஸப்பின் மிச்சப் பத்து இடமும் மாடியில் இருக்கிறது, நாலாம் ஸப்பின் முதல் இரண்டு இடமும் கீழே இருக்கிறது, இதுவும் முழுச் சரியில்லை, என்றாலும் முந்தினதை விடப் பரவாயில்லை. நொபெல் பரிசு பெற்ற ஒருவர் இதே விடயத்தைப் பேசியிருக்கிறார் என்பதையும் சொன்னேன். பேசிக்கொண்டே போனேன். மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டு நிற்கிறாளோ என்று எனக்குச் சந்தேகமாகவும் இருந்தது. வெளியே மகன் பொறுமையிழந்து கதவைத் தட்டினான்.

அவள் கடதாசியை எடுத்து ஒருமுறை பார்த்தாள். பெட்டிகளை விரலால் எண்ணினாள்.

"அப்ப என்ட கேள்வி சரிதானே சேர்?"

"சரிதான் மகள்."

கடதாசியை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள்.